பதக்கத்தின் பின்புறம் ஒரு பெயர்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போய் வருகிறவர்களுக்கு ஜுரு என்றால் டோல் சாவடிதான் நினைவுக்கு வரும். எனக்கோ, அங்குள்ள என் அத்தை வீட்டுத் தகரப் பெட்டி நினைவுக்கு வரும். சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரங்கள், மங்கிப்போன புகைப்படங்கள் ஆகியவற்றுக்கு அடியில், பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்த மூன்று பதக்கங்கள் அதில் இருந்தன. இரண்டு நட்சத்திர வடிவம். ஒன்று வட்ட வடிவம். அவை என் தாத்தாவின் தம்பி, அதாவது என் சின்னத் தாத்தா விட்டுச் சென்றவை.

ஜுரு தோட்டப்புறத்தில் லோரி ஓட்டியவராகவே அவரை எல்லாரும் அறிந்திருந்தார்கள். 'பட்டாளத்துக்காரர்' என்றும் சொல்வார்கள். எந்தப் பட்டாளம் என்று யாரும் கேட்டதில்லை. மலாயாத் தமிழர் வீட்டில் பட்டாளம் என்றால் அது நேதாஜியின் படையாகத்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். சிறுவயதில் பள்ளிக்கூட நண்பர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தப் பெருமை சரிதானா? மூன்று பதக்கங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சாதாரணச் சிப்பாயின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் தேடிப் போக முடியும்? இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டவற்றை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும்.

இருவகைப் பதக்கங்கள்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பதக்கம் என்றாலே வீரச் செயலுக்குக் கிடைத்த பரிசு என்று நாம் எண்ணுகிறோம். அது சரியன்று. வீரப் பதக்கம் வேறு. போர்ப் பதக்கம் வேறு.

வீரப் பதக்கத்திற்கு ஒரு கதை உண்டு. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள், இத்தாலியில் மின்யானோ என்னும் இடத்தில் கண்ணிவெடி ஒன்று வெடிக்கவிருந்த நொடியில், உடனிருந்தவர்களைக் காப்பாற்றத் தம் உடலையே அதன்மீது போட்டு உயிர் துறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது. அவர் என்ன செய்தார், எங்கே செய்தார் என்பதெல்லாம் அரசுப் பதிவில் இருக்கின்றன. அதனால்தான் எண்பது ஆண்டுகள் கழித்தும் என்னால் அவரைப்பற்றி எழுத முடிகிறது.

போர்ப் பதக்கம் அப்படியன்று. குறிப்பிட்ட போரில், குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலம் பணியாற்றிய அனைவருக்கும் அது கிடைக்கும். முன்வரிசையில் துப்பாக்கி ஏந்தியவருக்கும் கிடைக்கும். பின்னால் சோறு சமைத்தவருக்கும் கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் இந்திய இராணுவத்தில் சுமார் 25 இலட்சம் பேர் பணியாற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது இந்த வகைப் பதக்கம்தான். அதற்குக் கதை கிடையாது. கதையை நாம்தான் தேட வேண்டும்.

பதக்கத்தை அடையாளம் காணுதல்

எங்கள் வீட்டு வட்டப் பதக்கத்தின் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் இரண்டு தலை கொண்ட டிராகனைக் காலால் மிதித்து நிற்கும் சிங்கம். இது 1939-45 போர்ப் பதக்கம். போர்க்காலத்தில் 28 நாள் முழுநேரப் பணி செய்த படையினர் அனைவரும் இதற்குத் தகுதி பெற்றார்கள். ஆகவே, இதை வைத்து அதிகம் ஊகிக்க முடியாது.

நட்சத்திரங்களே அதிகம் பேசின. ஆறு முனைகள் கொண்ட அந்த வெண்கல நிற நட்சத்திரங்களின் நடுவட்டத்தில் பெயர் எழுதியிருக்கும். ஒன்று 1939-45 ஸ்டார். மற்றொன்று பர்மா ஸ்டார். நம் நாட்டோடு தொடர்புடைய இன்னொரு நட்சத்திரமும் உண்டு. அது பசிபிக் ஸ்டார். 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழும் வரை மலாயாப் போரில் ஈடுபட்ட படையினருக்கு அது வழங்கப்பட்டது. பர்மா, பசிபிக் இரண்டுக்கும் தகுதி பெற்றவருக்கும் ஒரு நட்சத்திரமே தரப்பட்டது. மற்றதற்குப் பதிலாக ரிப்பனில் ஒரு சிறு பட்டை சேர்க்கப்பட்டது. எங்களிடம் இருந்தது பட்டையில்லாத பர்மா ஸ்டார். ஆகவே ஜித்ராவிலும் கம்பாரிலும் ஜப்பானியரோடு மோதிய படையில் சின்னத் தாத்தா இருந்திருக்கமாட்டார் என்பது முதற்கட்ட முடிவு.

உங்கள் வீட்டில் இருப்பது வேறு பதக்கமாகவும் இருக்கலாம். ஊதாவும் பச்சையும் கலந்த ரிப்பனில் 'மலாயா' என்று எழுதிய பட்டை இருந்தால், அது 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் பணியாற்றியவருக்கு உரியது. படையினரோடு போலீசாரும் அதைப் பெற்றார்கள். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளியில் செய்யப்பட்டது. ஆனால் தொழிலாளர் படைகளில் கூலிகளாகச் சென்ற இந்தியருக்கும் சீனருக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில் கொடுக்கப்பட்டது. உலோகத்திலும் தரம் பிரித்திருக்கிறார்கள்!

இங்கே ஒரு வேண்டுகோள். பதக்கத்தைக் கண்டவுடன் பிராசோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும்.

பின்புறத்தில் நான்கு செய்திகள்

இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களைப் பிரிட்டன் தன் சொந்தப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கியது. ஆனால் இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. இது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ஓர் ஆங்கிலேயப் பேரன் தன் தாத்தாவின் நட்சத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால் வெறும் உலோகம்தான் தெரியும். நாம் திருப்பிப் பார்த்தால் ஒரு மனிதர் தெரிவார்.

வட்டப் பதக்கமாயின் விளிம்பிலும், நட்சத்திரமாயின் பின்புறத்திலும் பார்க்க வேண்டும். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கு செய்திகள் சுருக்கமாக இருக்கும். பூதக்கண்ணாடியும் சாய்வாக விழும் கைவிளக்கின் ஒளியும் இருந்தால் தேய்ந்த எழுத்தையும் படித்துவிடலாம்.

சின்னத் தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'டிவிஆர்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. பெயருக்குப் பின்னால் 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' என்றிருந்தது. முதலாவது டிரைவர் என்பதன் சுருக்கம். இரண்டாவது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். இராணுவத்திற்கு அரிசி, மாவு, எண்ணெய், பெட்ரோல் முதலியவற்றை லோரிகளிலும் கோவேறு கழுதைகளிலும் கொண்டு சேர்த்த படைப்பிரிவு அது.

சிறுவயதிலிருந்து நான் நம்பிய கதை அந்த இடத்தில் முடிந்தது. நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களுக்கு ஆங்கிலேய அரசு பதக்கம் கொடுக்கவில்லை. சேர்ந்த சிப்பாய்களைப் போருக்குப் பின் 'வெள்ளை', 'சாம்பல்', 'கறுப்பு' என்று வகைப்படுத்தி விசாரித்தது. சின்னத் தாத்தா எதிர்ப்பக்கத்தில் இருந்திருக்கிறார். அதுவும் துப்பாக்கியோடு அல்ல, லோரியின் ஸ்டீயரிங்கோடு. உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பெயர் என்னும் பூட்டு

எண்ணும் பெயரும் கிடைத்துவிட்டன. இனித் தேடுவது எளிது என்று நினைத்தேன். பெயரே பெரிய தடையாக நின்றது.

தமிழ்ச் சிப்பாய் தன் பெயரைச் சொல்வார். தமிழ் அறியாத எழுத்தர் அதைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதுவார். முனுசாமி என்ற ஒரே பெயர் முனிசாமி, மூனுசுவாமி, முன்சாமி என்றெல்லாம் மாறும். ஆறுமுகம் ஆர்முகம் ஆவார். ழகரம் வரும் பெயர்களின் கதி சொல்லவே வேண்டாம். பழனியையே 'புல்னி' என்று எழுதியவர்கள் அவர்கள். தந்தை பெயர் சேர்ந்தும் வரலாம், சேராமலும் வரலாம். மலாயாவில் 'அனாக் லெலாக்கி' என்று தந்தை பெயரை இணைத்துப் பதிந்தார்கள். எனவே ஒரே மனிதரின் இராணுவப் பதிவும் அடையாள அட்டையும் இருவேறு மனிதர்களுடையவை போலக் காட்சி தரும்.

ஆகவே, பெயரை மட்டும் நம்பித் தேடக்கூடாது. பெயர் பொருந்தி எண் பொருந்தாவிட்டால் அவர் வேறு ஆள். நான் இந்தத் தவற்றைச் செய்தேன். ஒரு பட்டியலில் அதே பெயர், அதே படைப்பிரிவு கண்டு உள்ளம் துள்ளியது. எண்ணைச் சரிபார்த்தபோது அவர் வேறு யாரோ ஒரு தாயின் பிள்ளை. அவர் போரிலேயே இறந்துபோனவர்.

இறந்தவருக்குக் கல் உண்டு

அந்தப் பட்டியல் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தினுடையது. 1917-இல் தொடங்கப்பட்ட அவ்வாணையம் இரண்டு உலகப் போர்களிலும் உயிரிழந்த சுமார் 17 இலட்சம் பேரின் பெயர்களைப் பாதுகாக்கிறது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடலாம். இந்தியச் சிப்பாய்களின் பதிவுகள் சிலவற்றில் தந்தையின் பெயரும் ஊரும் மாவட்டமும்கூட உண்டு.

அதன் கல்லறைகளில் ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஜுருவிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில், புக்கிட் லாருட் செல்லும் வழியில் தைப்பிங் போர்க் கல்லறை உள்ளது. சாலையின் ஒருபுறம் கிறிஸ்தவப் படையினர். மறுபுறம் இந்து, முஸ்லிம், கூர்க்கா படையினர். அங்கே 850-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டோ நினைவுகூரப்பட்டோ இருக்கின்றனர். அவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் யார் என்று அடையாளம் காணப்படவில்லை. பெயரில்லாத கற்களின் வரிசையில் நடந்தபோது, எங்கள் வீட்டு நட்சத்திரத்தின் பின்புறம் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

அந்த ஆணையத்தின் பட்டியலில் சின்னத் தாத்தாவின் பெயர் இருக்க வழியில்லை. காரணம் மிக எளியது. அவர் சாகவில்லை! இறந்த சிப்பாய்க்குக் கல் உண்டு, பதிவு உண்டு. பிழைத்து வீடு திரும்பிய சிப்பாய்க்கு அப்படி எதுவும் இல்லை. இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் அதிகாரிகளின் விவரங்களே மிகுதி. சாதாரணச் சிப்பாய்களின் பணிக் கோப்புகள் இந்தியாவிலுள்ள அந்தந்தப் படைப்பிரிவின் பொறுப்பில் விடப்பட்டவை. மதராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியின் வெலிங்டனும், மதராஸ் சாப்பர்ஸ் வழிவந்த படைக்குப் பெங்களூரும் தலைமையிடம். சின்னத் தாத்தாவின் படைப்பிரிவின் இன்றைய வாரிசான ஆர்மி சர்வீஸ் கோருக்கும் பெங்களூரில்தான் மையம் இருக்கிறது. எண்ணைக் குறிப்பிட்டு, உறவுமுறைக்குச் சான்று இணைத்து, குடும்பத்தினர் எழுதிக் கேட்கலாம்.

அத்தையின் நினைவு

பதக்கம் படைப்பிரிவைச் சொல்லும். எந்தக் கம்பெனி, எந்தச் சாலை என்று சொல்லாது. அதற்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். எண்பதைத் தாண்டிய அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். "சித்தப்பா சண்டையைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அவரு சண்டையப் பத்தி ஒன்னும் பேசமாட்டாருய்யா" என்றார் அத்தை. அவ்வளவுதான்.

பிறகுதான் கேள்வியை மாற்ற வேண்டும் என்று புரிந்தது. போரைப் பற்றிக் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. சாப்பாடு, குளிர், காய்ச்சல், வேலை, அடிக்கடி சொன்ன ஊர்ப்பெயர் என்று சிறுசிறு விஷயங்களைக் கேட்க வேண்டும். "லோரி ஓட்டும்போது என்ன சொல்வார்?" என்று கேட்டேன். அத்தை சிரித்துவிட்டார்.

"மழையில ரோடு சேறா கெடந்தா, யாரும் வண்டிய எடுக்க மாட்டாங்க. இவரு மட்டும், 'மணிப்பூரு மலையில ஓட்டுனவன், இந்த ஜுரு மண்ணுல ஓட்ட மாட்டனா'ன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்துடுவாரு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன். பர்மா ஸ்டார் பர்மாவுக்குள் பணியாற்றியவர்களுக்கு மட்டும் உரியதன்று. குறிப்பிட்ட காலங்களில் அஸ்ஸாம், வங்காளப் பகுதிகளில் பணியாற்றியவர்களுக்கும் உரியது. மணிப்பூரின் தலைநகர் இம்பால். திமாப்பூரில் இரயிலிலிருந்து இறக்கிய சரக்கு, கொஹிமா வழியாக மலைச்சாலையில் இம்பாலுக்குப் போகும். 1944 மார்ச் மாத இறுதியில் ஜப்பானியர் அந்தச் சாலையைத் துண்டித்தனர். ஜூன் 22-ஆம் நாள்தான் அது மீண்டும் திறந்தது. அதுவும் கொட்டும் மழைக்காலம். அந்தச் சாலையில்தான் அவர் லோரி ஓட்டியிருக்க வேண்டும். இது என் ஊகமே தவிர நிரூபணமன்று. ஆயினும் உலோகம் சொன்னதும் அத்தை சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆய்வில் இப்படி இரு சாட்சிகள் பொருந்துவது சிறிய காரியமல்ல.

அண்ணனும் தம்பியும்

ஜுருவில் வளர்ந்த பிள்ளை எப்படி இந்திய இராணுவத்தில் சேர்ந்தார்? அதையும் அத்தைதான் விளக்கினார். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பெற்றோரோடு சின்னத் தாத்தாவும் ஊர் திரும்பினார். மூத்தவரான என் தாத்தா வேலையில் தங்கிவிட்டார். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவித்தொகையில் அனுப்புவதை நிறுத்தியது. அண்ணன் ஜுருவில், தம்பி தமிழ்நாட்டில் என்று குடும்பம் இரண்டானது. போர் வந்ததும் தம்பி பட்டாளத்தில் சேர்ந்தார்.

அண்ணன்? ஜப்பானியர் ஆட்சியில் அவர் சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்டார். திரும்பவில்லை. அப்போது அத்தை தவழ்ந்து விளையாடும் வயதைத் தாண்டிய சிறுமி. என் தந்தை கைக்குழந்தை.

சயாமையும் பர்மாவையும் இணைத்த மரண இரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் பணி முடிந்தது. அதில் இறந்த போர்க்கைதிகள் சுமார் 13,000 பேர். மலாயா, ஜாவா, சயாம், பர்மா ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களில் 80,000 முதல் ஒரு இலட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது? பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்கு ஆயுதமும் உணவும் கொண்டு செல்வதற்காக. இம்பாலைத் தாக்கியது அந்தப் படைதான். அண்ணன் உயிரைக் கொடுத்துப் போட்ட பாதையில் எதிர்ப்படைக்குச் சரக்கு போனது. மலையின் இந்தப் பக்கம் தம்பி லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். இருவருக்கும் இது தெரிந்திருக்காது.

போர் முடிந்து சில ஆண்டுகளில் சின்னத் தாத்தா ரஜுலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். அண்ணனைத் தேடி வந்தவர், அண்ணன் பிள்ளைகளைப் பார்த்ததும் திரும்பிப் போகவில்லை. தோட்டத்தில் லோரி ஓட்டி அத்தையையும் என் தந்தையையும் வளர்த்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவே இல்லை. அந்த மூன்று பதக்கங்களையும் அவர் ஒருநாளும் நெஞ்சில் குத்திக்கொண்டதில்லை என்று அத்தை சொன்னார். அதன் காரணம் எனக்கு இப்போது விளங்குவதுபோல் இருக்கிறது. நான் முன்பு நம்பிய கதையைவிட இந்த மனிதர் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

நாம் செய்ய வேண்டியது

போரில் இறந்த சிப்பாயின் பெயர் கல்லில் இருக்கிறது. பிழைத்து வந்த சிப்பாயின் பெயர் பதக்கத்தின் பின்புறத்தில் இருக்கிறது. சயாமில் இறந்த தொழிலாளியின் பெயர் எந்த உலோகத்திலும் இல்லை. நான் சிப்பாயைத் தேடப் போய், சொந்தத் தாத்தாவுக்கு ஒரு வரியும் இல்லை என்பதைக் கண்டுகொண்டேன்.

நம் முன்னோர் போரில் வீழ்ந்தவருக்கு நடுகல் நட்டார்கள். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை அதன் படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. பெயரும் செயலும் கல்லில் ஏறின. 2023-இல் தாய்லாந்தின் காஞ்சனபுரியில், ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அடங்கிய புத்தர் கோயில் வளாகத்தில், மலாயாத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. மனம் நிறைந்த செயல். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி வைக்க வேண்டியவர்கள் பேரப்பிள்ளைகளாகிய நாம்தான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். பதக்கம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் வருந்த வேண்டாம். வீட்டுப் பெரியவர் அருகில் அமர்ந்து பெயர்களைக் கேட்டு, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். நான் ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தில் அதைத் தொடங்கிவிட்டேன். அதன் முதல் பக்கத்தில் அண்ணன் பெயர் இருக்கிறது. தம்பி பெயர் அடுத்த பக்கத்தில்.